வள்ளல் வீட்டு ஸ்கூட்டர்

நான் வள்ளலாவது என்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அதுவரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. பக்கத்து மேசைக்காரர் பேனா கேட்டால் மூடியை என்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுக்கிறவன் நான்.

வாஷிங் மெஷின் தயாரிக்கும் கம்பெனியில், புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. மெஷின் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுப்போம். அதில் "குறை என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். மனிதர்களுக்குக் கட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், மெஷினின் குறையோடு மருமகளின் குறையையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அதையெல்லாம் படித்துப் பதில் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் பிரிவின் துணைத்தலைவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய நாற்காலி சும்மா கிடந்தது. சும்மா என்றால் மற்றவர்களுக்குச் சும்மா. என் கண் மட்டும் அதிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை புது மேலாளர் எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். சமீபத்தில் ஏதோ படித்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் இரண்டு ஜாதி, கொடுப்பவர்கள், வாங்குபவர்கள் என்றார். கடைசியில் முன்னுக்கு வருவது கொடுப்பவர்கள்தான் என்றார். காலி சோப்புத்தூள் பெட்டி ஒன்றின் தலையில் கத்தியால் ஒரு கீறு கீறி, "நன்றிப் பெட்டி" என்று எழுதி ஜன்னலோரம் வைத்தார். யாராவது நமக்கு உதவி செய்தால் ஒரு சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். அடுத்த மாதம் முப்பதாம் தேதி மாலை பெட்டியைத் திறப்பார். யார் பெரிய கொடுப்பவர் என்று பார்த்துத் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மாதம் இருமுறை வரும் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதுகிறவன். வாசகர்கள் மொத்தம் பதினோரு பேர், அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள், ஆனாலும் தொடர்கதை தொடர்கதைதான். என் கதாநாயகனுக்கு "பெரியகை" என்று பெயர். முதல் அத்தியாயத்தில் கைக்கடிகாரத்தைக் கொடுத்தான். இரண்டாவதில் கல்யாணம் செய்துகொண்டான். மூன்றாவதிலிருந்து சைக்கிள், நிலம், கிணறு என்று நிற்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தான். தாளில் இவ்வளவு கொடுத்தவனுக்கு ஆபீசில் கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன்.

"இனிமேல் யார் எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்றதா இல்லை."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"யாரு கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

"எதைக் கேட்டாலுமா?"

"எதைக் கேட்டாலும்."

"எதுவரைக்கும்?"

"அடுத்த மாசம் முப்பதாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், காலண்டரில் அந்தத் தேதியைப் பென்சிலால் சுழித்தாள். கணவனின் லட்சியத்தை மதிக்கிற பெண் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

மறுநாளே வாய்ப்பு வந்தது. எங்கள் பிரிவில் ஒருவருக்குத் தூசு ஆகாது. கோப்பைத் திறந்தால் தும்முவார், மூடினால் தும்முவார். அதனால் அவருக்குத் தும்மல் என்றே பெயர். யாருக்கும் புரியாத கையெழுத்து என்று ஒதுக்கி வைத்த படிவங்கள் நாற்பது அவர் மேசையில் சேர்ந்துபோயிருந்தன. அதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று தும்மலுக்கு நடுவில் கேட்டார். தாராளமாக என்று வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கோயில் மணி மாதிரி கேட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், எழுத்தா அது? எறும்பு மையில் விழுந்து எழுந்து தாளில் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் மனைவி காலையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஏழு வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, செய்தித்தாள் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். "மெஷின் சுத்தும்போது நடந்து கதவு வரைக்கும் வந்துவிடுகிறது. எங்கள் நாய் பயப்படுகிறது."

இதற்கு நான் வழக்கமாக எழுதுகிற பதில், எங்கள் தயாரிப்புகள் நடப்பதில்லை என்பது. அவள் அதைக் கேட்டுவிட்டு, மெஷினின் நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறதா, ஒரு காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து பார்த்தார்களா என்று கேட்டு எழுதலாமே என்றாள். நீயே எழுதேன் என்றேன். எழுதினாள். அடுத்ததையும் எழுதினாள். உன்னைப் போலக் கொடுக்கும் மனசு யாருக்கு வரும் என்று நான் இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு, பெரியகையின் எட்டாவது அத்தியாயத்தை எழுதப் போய்விட்டேன். நாலு நாளில் நாற்பது பதிலும் தயார். நான் செய்தது கடைசியில் கையெழுத்துப் போட்டதுதான். அதிலும் கடைசிப் பத்துக்குக் கை வலித்தது.

செய்தி பரவியது. ஆபீசில் ஒருவன் இல்லை என்று சொல்வதில்லை என்ற செய்தி பரவ எவ்வளவு நேரம்? தும்மல் இன்னொரு கட்டு கொடுத்தார். மேல்மாடியிலிருந்து ஒரு கட்டு இறங்கி வந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். போகும்போது கனமாகவும், திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது அந்தப் பை.

பிறகு குடைக்காரர் வந்தார். வெயிலோ மழையோ அவர் குடை இல்லாமல் வந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய வண்டி பழுதாகிவிட்டதாம். மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக முடியவில்லையாம். ஒரு ஸ்கூட்டர் இருந்தால், ஒரு மாதம்தான், என்று குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அது என் மனைவியுடையது. அதில்தான் அவள் கடைக்குப் போய்வருவாள். சாவி எங்கே மாட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வள்ளலுக்கு அது போதாதா? கொடுத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள், "ஓ" என்றாள்.

தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருக்கிறது. அவற்றில் இந்த ஒற்றை எழுத்தைப் போல என்னை நிம்மதியில்லாமல் அடித்தது வேறில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அவள் மறுநாளிலிருந்து இருபத்தைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி நடந்து போனாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் பெட்டி கூப்பிட்டது. ஜன்னலோரம்தான் தண்ணீர்க் குழாயும் இருந்ததால், தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்ப் பெட்டியை லேசாக அசைத்துப் பார்ப்பேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனால் பதினைந்து டம்ளர் குடிக்க வேண்டும். குடித்தால் சும்மா விடுமா? அதற்கு வேறொரு பக்கம் பதினைந்து தடவை. மேலாளர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எதற்கும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்றார். யாராவது சீட்டு எழுதினால் பேனா எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணி, அது என் பெயர்தானா என்று கணக்குப் போட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தும்மலின் அலமாரியை "நாங்கள்" வந்து ஒழுங்குபடுத்தித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஞாயிறு போனோம். மனைவி அடுக்கினாள். தும்மல் தும்மினார். நான் அவருடைய வீட்டு வாசலில் நின்று, கொடுப்பதின் இன்பத்தைப் பற்றி அவருடைய மாமனாருக்கு எடுத்துச் சொன்னேன்.

இதற்கிடையில் பதினோராவது அத்தியாயம் முடிந்தது. பெரியகை தன் வீட்டையே முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கட்டிய துணியோடு தெருவில் இறங்கி நடக்கிறான். எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்தது. மனைவியிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, எந்த வரியில் அழுகிறாள் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவள் அழவில்லை. முன் பக்கங்களைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

"இவருக்குக் கல்யாணம் ஆச்சு இல்லே?"

"ஆச்சு. ரெண்டாவது அத்தியாயம்."

"அப்போ வீட்டைக் கொடுத்தப்போ அவர் மனைவி எங்கே இருந்தாங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒருத்தி இருப்பதே மறந்துபோயிருந்தது. ஒன்பது அத்தியாயமாக அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பேனாவை வாங்கி அங்கேயே ஒரு வரி சேர்த்தேன். "அவன் மனைவி முன்பே காய்ச்சலில் காலமாகியிருந்தாள்."

அவள் அந்த வரியைப் படித்தாள்.

"காய்ச்சலா? மாத்திரை வாங்கலையா?"

"கதையிலே மாத்திரை எல்லாம் வந்தா வேகம் குறைஞ்சிடும்."

"அந்தக் கிணறு, நிலம் எல்லாம் ரெண்டு பேருக்கும் சொந்தம்தானே? அவங்ககிட்ட கேட்டுட்டுக் கொடுத்தாரா?"

"அவன் வள்ளல். வள்ளல் யார்கிட்ட கேக்கணும்?"

அவள் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "பாவம் அவங்க. போறப்போகூட ஒரு வரிதான் கிடைச்சுது," என்றாள். பிறகு மேசையில் உட்கார்ந்து அன்றைய படிவங்களை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குத் தெரியும். இது கணக்கு வாத்தியார் கரும்பலகையைப் பார்ப்பது போன்ற முகம். நான் அறைக்குள் நடந்தேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் தபாலில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முப்பதாம் தேதி வந்தது. காலையில் மனைவி ஒரு தடித்த உறையை என் கையில் கொடுத்தாள். கடையில் மருந்துப் பொட்டலம் ஒட்டுகிற பசையால் நாலு பக்கமும் ஒட்டியிருந்தது.

"இதை அந்த நன்றிப் பெட்டியிலே போட்டுடுறீங்களா?"

"ஆபீஸ்காரங்கதானே போடணும்?"

"அஞ்சு மணி வரைக்கும் இல்லைன்னு சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். வழியெல்லாம் உறையைக் கையில் எடை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மனைவி தன் கணவனைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்! கீறலுக்குள் உறை நுழையவில்லை. பேனாக்கத்தியால் கீறலைக் கொஞ்சம் பெரிதாக்கி நானே உள்ளே தள்ளினேன். இதை இங்கே குறிப்பிடக் காரணம், பிறகு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை என்பதுதான்.

மாலை நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குடைக்காரருக்கு இரண்டு சீட்டு. தும்மலுக்கு ஒன்று, அதுவும் அவரே போட்டுக்கொண்டதா என்று சந்தேகம். எனக்கு இருபத்து மூன்று. ஒவ்வொன்றையும் மேலாளர் படிக்கப் படிக்க, நான் தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நான் காலி நாற்காலியை நோக்கி அரையடி நகர்ந்தேன். அப்போது மேலாளர் உறையைப் பிரித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா," என்று உரக்கப் படித்தார். "என் கணவருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் அவர் குடைக்காரர் ஐயாவுக்கு என் ஸ்கூட்டரைக் கொடுத்தார். தும்மல் ஐயாவுக்கு என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். உங்கள் கம்பெனிக்கு என் சாயங்காலங்களையும், நான் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பதில்களையும் கொடுத்தார். இவ்வளவையும் கொடுத்த அவர் கை வலித்ததாகச் சொன்னார். அது கையெழுத்துப் போட்டதால்."

தும்மல்கூடத் தும்மவில்லை. குடைக்காரர், கட்டிடத்துக்குள் இருக்கிறோம் என்பதை மறந்து, குடையை விரிக்கப் பார்த்தார். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகலாமென்றால் குழாய் மேலாளருக்குப் பின்னால் இருந்தது.

அவர் நிறுத்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரில் திரும்பவும் புகார் எழுதியவர்கள் மூன்றே பேர் என்பதை இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரி. அவர் அங்கேயே கோப்பைப் புரட்டிச் சரிபார்த்தார். மூன்றுதான். அதற்குப் பிறகு, துணைத்தலைவர் பதவிக்குத் தான் விண்ணப்பிப்பதாகவும், சான்றிதழ் நகல்கள் இணைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். உறை தடித்திருந்த காரணம் அதுதான். கடைசிப் பத்தியை மேலாளர் கொஞ்சம் மெதுவாகப் படித்தார்.

"என் கணவரின் சம்மதம் வேண்டுமென்றால் தயவுசெய்து இன்று ஐந்து மணிக்குள் கேட்டுவிடவும். அதுவரை யார் எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்று சொல்லமாட்டார்."

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நாலு ஐம்பது.

"உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது…" என்றார்.

இருபத்து மூன்று சீட்டு மேசைமேல் கிடந்தது. இல்லை என்றே சொல்லாதவன் நான் என்று அத்தனையிலும் எழுதியிருந்தது. "சந்தோஷம் சார்," என்றேன். என் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் நான் பேசுவதில்லை என்று இருந்தேன். இரண்டு நிமிடம் இருந்தேன். பிறகு, இப்படி நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்றேன். நேராக வந்து என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூட்டர் வேணும்னு அவர் உங்ககிட்ட கேட்டார். நீங்க கொடுத்தீங்க. என்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

நான் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தேன்.

"கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேங்க. அவர் பொண்ணு நீந்தக் கத்துக்கிறது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அது நான் கொடுத்ததா இருந்திருக்கும். இப்போ பாருங்க, நானும் கொடுக்கலை, நீங்களும் கொடுக்கலை. என் பொருள் காணாமப் போச்சு, அவ்வளவுதான்."

ஆறு மாதமாக ஒரு வள்ளலை வைத்துத் தொடர்கதை எழுதுகிற எனக்கு இந்த நாலு வரி தோன்றியதில்லை. அதை அவளிடம் ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல், பன்னிரண்டாவது அத்தியாயத்தில் பெரியகையின் மனைவியை உயிரோடு கொண்டுவந்தேன். அவள் திரும்பி வந்து வீட்டுச் சாவியைக் கேட்கிறாள். சென்ற இதழில் காய்ச்சலில் காலமானவர் நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம் என்று ஆசிரியர் ஒரு திருத்தம் போட்டார். என் எழுத்து வாழ்க்கையிலேயே அதிகம் பேர் பாராட்டியது அந்தத் திருத்தத்தைத்தான். அது அவர் எழுதியது.

திங்கட்கிழமை என் மனைவி பதவியேற்றாள். குடைக்காரர் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, டேங்கையும் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வகுப்பு நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். அவர் கண் கலங்கி, அம்மா, நீங்கள்தான் தாயே உண்மையான வள்ளல் என்றார். என்னை அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

அவள் போட்ட முதல் உத்தரவு, அவரவர் படிவத்துக்கு அவரவர்தான் பதில் எழுத வேண்டும். இரண்டாவது உத்தரவு, ஆபீஸ் வேலையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இனி என் சாயங்காலம் முழுக்க எனக்கே, காலை நீட்டி உட்கார்ந்து அடுத்த தொடர்கதையை ஆரம்பிக்கலாம் என்று வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு துணிக்கூடையையும் இஸ்திரிப் பெட்டியையும் என் முன்னால் வைத்தாள்.

"நான் எழுதணுமே," என்றேன்.

"எழுதுங்க. இது முடிஞ்சதும் பாத்திரம் இருக்கு. அதுவும் முடிஞ்சதும் எழுதுங்க."

"முன்னெல்லாம் நான் இதைச் செஞ்சதில்லையே?"

"முன்னெல்லாம் எனக்கும் முழுநேர வேலை இல்லையே."

ஒரு வாரம் பொறுத்தேன். சட்டைக் காலர் மூன்று கருகின. விரல் ஒன்றும் கருகியது. எட்டாவது நாள், கணவன் என்ற முறையில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் இருக்கிறது என்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குறை எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடுத்தால்தான் பரிசீலிக்க முடியும் என்றாள். கொடுத்தேன். முழுதாக இரண்டு பக்கம். கல்யாணமான புதிதில் எனக்குத் தலைவாரி விட்டதிலிருந்து ஆரம்பித்து, இன்று என் கைக்குட்டைக்கு நானே இஸ்திரி போடும் நிலை வரை, வாசித்தால் கல்லும் கரைகிற மாதிரி எழுதியிருந்தேன்.

மறுநாள் என் மேசையில் பதில் இருந்தது. கம்பெனியின் கடிதத் தாள், துணைத்தலைவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன.

"ஐயா, தங்கள் புகார் கிடைத்தது. தங்களுக்கு வழங்கப்பட்டு வந்த இலவசப் பராமரிப்புக் காலம், கல்யாணமான முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."